மாடு செத்த அன்றே எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது.  

நீ எழுதியதைப் படித்தேன். டெய்ரி செக்ரட்டரியாக உட்கார்ந்து கணக்குப் புத்தகமே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, அதற்குள் அர்ஜி எழுதிக் கொடு என்று ஊரே வந்து நிற்கிறது என்கிறாய். வரத்தான் செய்வார்கள். நம் பெரியவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததெல்லாம் தமிழ்தான்; ஆபீசில் நடப்பதெல்லாம் கன்னடம். கன்னடத்தில் படித்த பெண், கணக்குத் தெரிந்த பெண், அதிலும் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்த பெண் என்றால் உன்னிடம் வராமல் யாரிடம் போவார்கள்? சாம்பியன் ரீஃப் லைனில் மழைக்குச் சுவர் விழுந்து ஐந்து ஆடுகளைப் பறிகொடுத்த அந்த அம்மாவும் அப்படித்தான் வந்திருக்கிறார். ஆடுகளை மறுநாள் காலையிலேயே புதைத்துவிட்டு, பத்து நாள் கழித்து ஆபீசுக்குப் போயிருக்கிறார். யார் பார்த்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செத்த ஆட்டுக்குக் காசு கேட்டு வாசலில் நிற்பது பிச்சை கேட்பது போல இருக்கிறது, இந்த வேலை எனக்குத் தேவையா மாமா என்று கேட்டிருக்கிறாய்.

தேவைதான். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் பிச்சை என்ற எண்ணத்தை விடு. 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிவாரண நிதி இருக்கிறது. நம் மாதிரி மாநிலங்களில் அதில் போடும் பணத்தில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய சர்க்காருடையது, 25 பங்கு மாநில சர்க்காருடையது. எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று உள்துறை அமைச்சகம் பட்டியல் போட்டிருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலில் கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய். ஆடு, செம்மறி, பன்றிக்குத் தலைக்கு 4,000. உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்குட்டிக்கு 20,000. கோழிக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் கிடையாது. வீட்டோடு சேர்ந்த தொழுவம் இடிந்தால் 3,000. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தமிழ்நாட்டில் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அறிவித்தார்களே, அதுவும் இதே தொகைதான். அந்த அம்மா கேட்பது ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற ஒன்றை. யாரோ மனமிரங்கிப் போடுகிற காசு இல்லை. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் அவர் கட்டுகிற வரியும் அந்த நிதிக்குள்தான் போகிறது.

பட்டியலைக் கூர்ந்து படி. "பொருளாதாரப் பயன் தருகிற" கால்நடை என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. பெரிய கறவை மாடு என்றால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வரைக்கும், ஆடு மாதிரி சிறியதென்றால் முப்பது வரைக்கும்தான் கணக்கு. நாற்பது ஆடு செத்தாலும் முப்பதுக்குத்தான் பணம். வேறு திட்டத்தில் உதவி கிடைத்தால் இதில் கிடையாது. இழப்பு உண்மைதான் என்று அதற்கென நியமித்த அதிகாரி சான்று கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த ஒரு வரியில்தான் நம் ஜனங்கள் தோற்றுப்போகிறார்கள். மாடு செத்ததற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை, பாப்பா. செத்ததை ஒருவர் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்குத்தான் பணம்.

நம் வீடுகளில் இது தெரியாத விஷயமா? உன் தாத்தா காலத்தில் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போனவர்கள் எத்தனை பேர். இருமி இருமிச் சாகிறவனைக் கண்ணால் பார்த்தும், எக்ஸ்ரேயும் டாக்டர் சர்டிபிகேட்டும் இல்லையென்றால் சிலிகோசிஸ் நஷ்டஈடு இல்லை. காகிதம் எடுத்து வைத்திருந்த குடும்பத்துக்குக் கிடைத்தது. இல்லாத குடும்பத்தில் விதவை வெறுங்கையோடு நின்றாள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபிறகு அந்தக் குடும்பங்களில் கொஞ்சம் பேர் விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போகிறார்கள். கொஞ்சம் பேர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு, ஒரு பன்றி, முடிந்தால் ஒரு பசு என்று கட்டிக்கொண்டார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு ஓரத்தில் மேய்கிற அந்த ஆடுகள்தான் பல பெண்களுக்குச் சேமிப்புக் கணக்கு. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் ஒரு கிடா போகும்.

இனி வேலைக்கு வருகிறேன். கால்நடை செத்தால் தட்டுவதற்கு ஒரே கதவு இல்லை. எந்தக் கதவு என்று தெரியாமல் அலைவதிலேயே பாதி பேர் சலித்து விட்டுவிடுகிறார்கள். வெள்ளம், புயல், நெருப்பு, ஆலங்கட்டி, வறட்சி என்று மத்தியப் பட்டியலில் உள்ள பேரிடரில் செத்தால் அது ரெவென்யூ இலாகா: கிராம அதிகாரி, ரெவென்யூ இன்ஸ்பெக்டர், தாசில்தார். மின்னல் போல மாநிலம் தானே பேரிடராக அறிவிக்கிறவையும் உண்டு. நிதியில் பத்து சதவீதம் வரை அதற்குச் செலவழிக்கலாம். பேரிடர் எதுவும் இல்லாமல் விபத்தில் செத்தால் நம் மாநிலத்தின் 'அனுக்ரஹ' திட்டம். அதற்கு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடையில் நிறுத்தி வைத்திருந்த அந்தத் திட்டத்தை 2023-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2025 பட்ஜெட்டில் மாட்டுக்குப் பத்தாயிரமாக இருந்ததைப் பதினைந்தாயிரமாகவும், ஆட்டுக்கு ஐயாயிரமாக இருந்ததை 7,500 ஆகவும் உயர்த்தினார்கள். கவனித்தாயா? ஆட்டுக்கு மாநிலத் திட்டத்தில் கிடைப்பது பேரிடர் நிதியில் கிடைப்பதைவிட அதிகம். மாட்டுக்கு அப்படியே தலைகீழ். இரண்டிலும் சேரக்கூடிய சாவாக இருந்தால், எந்த அர்ஜி எழுதுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஆட்டுக்கு வாங்க முடியாது.

காட்டு மிருகம் அடித்தால் வன இலாகா. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி. தேசிய கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டும் வளர்க்கிறவர் கட்டினால் போதும், மிச்சத்தை இரண்டு சர்க்காரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. உன் டெய்ரியில் பால் ஊற்றுகிற எத்தனை பேர் அதைக் கட்டியிருக்கிறார்கள் என்று இந்த வாரமே பார்.

நோயில் செத்தால்? அங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். மத்தியப் பேரிடர்ப் பட்டியலில் மாட்டு நோய் இல்லை. 2022-ல் தோல் கழலை நோய் வந்தபோது நம் ஜில்லாவில் மாடுகள் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, கால் நீர் கோத்து, தீவனம் எடுக்காமல் நின்றதை நீயும் பார்த்தாய். மாட்டுச் சந்தைகளை நிறுத்தினார்கள். ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டார்கள். அப்போது மாநில சர்க்கார் தனியாக முடிவெடுத்துத்தான் பசுவுக்கு 20,000, எருதுக்கு 30,000, கன்றுக்கு 5,000 என்று அறிவித்தது. ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்னால் செத்த மாடுகளை, ஊருக்குப் பரவிவிடும் என்ற பயத்தில் இரவோடு இரவாகக் குழி தோண்டிப் புதைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது ஊருக்கு நல்லது. அவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. மாட்டு டாக்டருக்கு ஒரு போன் போட்டு வரவழைத்திருந்தால் புதைப்பதும் நடந்திருக்கும், எழுத்தும் இருந்திருக்கும்.

அதனால் உன் ஜனங்களுக்கு மனதில் பதிய வைக்க வேண்டியது இது: கால்நடை செத்தால் டாக்டர் பார்க்கும்வரை புதைக்கக் கூடாது. டாக்டர் வர முடியாத தூரமோ, ராத்திரியோ, தெருவெல்லாம் தண்ணீரோ என்றால் போனில் படம் எடுக்க வேண்டும். மாட்டின் முழு உடம்பு தெரிகிற மாதிரி ஒன்று, முகம் ஒன்று, காது டேக் நம்பர் படிக்கிற மாதிரி ஒன்று, இடிந்த சுவரும் மாடும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. பிறகு அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கிராம அதிகாரி வந்து பார்த்து, சாட்சிகளோடு எழுதுகிற பஞ்சநாமாவுக்கு இது ஈடாகாது. ஆனால் அவர் வரும்போது அவர் கையில் கொடுப்பதற்கு ஒன்று இருக்கும். ஒரே மழையில் நாற்பது வீடு பார்க்க வேண்டிய மனிதர் அவர். விவரத்தைத் தயாராக வைத்திருக்கிற வீட்டில் அவருடைய பேனா சீக்கிரம் ஓடும்.

எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். தேதி, மணி, இடம். சர்வே நம்பர் இல்லையென்றால் லைன் பெயர், வீட்டு நம்பர். அதற்குப் பிறகு மாட்டை எழுது. நிறம், கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது, நெற்றியில் சுட்டி உண்டா, வால் நுனி வெள்ளையா கறுப்பா, எத்தனையாவது ஈற்று, சினையா, கறவையா, வேளைக்கு எத்தனை லிட்டர். "ஒரு கறுப்பு மாடு செத்தது" என்று எழுதினால் அது எந்த மாடாகவும் இருக்கலாம். "கறுப்பு எச்.எஃப். கலப்பு, இடது கொம்பு முனை முறிந்தது, மூன்றாம் ஈற்று, கன்று போட்டு இரண்டு மாதம்" என்று எழுதினால் அது அந்த வீட்டு மாடு, வேறு யாருடையதும் இல்லை. எத்தனையோ பஞ்சநாமாக்களைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுக்காரம்மா அழுதுகொண்டே அடையாளம் சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல் எழுத வேண்டும். அந்த நேரத்தில் நீ உடைந்துவிடக் கூடாது. எழுதி முடித்த பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள், அதற்கு நேரம் இருக்கிறது.

காதில் இருக்கும் மஞ்சள் டேக்கில் பன்னிரண்டு இலக்கம் இருக்கும். அதை டெய்ரி ரிஜிஸ்டரில் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கு நேராகவும் இப்போதே ஏற்றிவிடு. இன்சூரன்ஸ்காரர்கள் டேக் இல்லாமல் கிளைம் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்; செத்த மாட்டின் டேக்கை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். காதோடு அறுத்துத் தரச் சொல்கிறபோது வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். டாக்டர் பரிசோதனை முடிந்த பிறகு, யாராவது ஆண்பிள்ளையை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. டேக் முன்னாலேயே உதிர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். மேயும்போது முள்ளில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும் சாமான்தான் அது.

இன்னொரு சாட்சி உன் மேஜை மேலேயே இருக்கிறது. பொருளாதாரப் பயன் தருகிற மாடா என்று கேட்டால் என்ன காட்டுவாய்? உன் டெய்ரியின் பால் கணக்கைக் காட்டு. முந்தின நாள் சாயங்காலம் வரை அந்த மாட்டின் பால் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்று ஏறியிருக்கிறது, மறுநாள் காலையிலிருந்து குறைந்திருக்கிறது. தாசில்தாரே வந்து நின்றாலும் மறுக்க முடியாத எழுத்து அது. தேதி போட்டு, சொசைட்டி சீல் வைத்து, அந்தப் பக்கத்தின் நகலை அர்ஜியோடு இணை.

நம் தங்கவயலில் பஹணி, அதாவது நிலப் பதிவுச் சீட்டு, ஒரு தனிப் பிரச்சினை. லைன் வீடு நிற்கிற நிலம் சுரங்கக் கம்பெனி நிலம். அங்கே பிறந்து அங்கேயே கிழவனானவனுக்குக்கூட ஒரு துண்டு நிலம் பேரில் இருக்காது. பயிர் சேதத்துக்குப் பணம் என்றால் 'ஃப்ரூட்ஸ்' என்ற கணினிப் பதிவில் நிலமும் சர்வே நம்பரும் இருந்தாக வேண்டும். அதனால் நிவாரணம் என்றாலே பஹணி எங்கே என்று கேட்பது ஆபீசில் பழக்கமாகிவிட்டது. கால்நடைக்கு அப்படிக் கேட்டு ஒருவரைத் திருப்பினால், மரியாதையாக, ஆனால் விடாமல் சொல்: "சார், செத்தது மாடு. மாட்டுக்கு ஓனர் இவர் என்று இதோ டேக் பதிவு, இதோ பால் பாஸ் புத்தகம், இதோ தடுப்பூசி போட்ட பதிவு." பட்டியலில் இந்தப் பகுதிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி என்று தலைப்பு இருக்கிறது. நிலமே இல்லாமல் ஒரு மாடு வளர்க்கிறவளைவிடக் குறு விவசாயி யார் இருக்க முடியும்? இதற்காக நீ வாதாட வேண்டிவரும், தயாராக இரு.

அந்த அம்மாவின் ஐந்து ஆடுகளுக்கு இன்னும் வழி முழுசாக அடைந்துவிடவில்லை. வீட்டுச் சுவர் இடிந்ததற்கு யாராவது வந்து பார்த்து மகஜர் என்கிற பஞ்சநாமா போட்டார்களா என்று விசாரி. போட்டிருந்தால் அந்த மகஜரின் நகலை வாங்கு. விழுந்தது அந்தச் சுவர், செத்தது அதற்குக் கீழே கட்டியிருந்தவை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்ட ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே எத்தனை ஆடு என்று ஆஸ்பத்திரியில் கேள். லைனில் பிள்ளைகள் யாராவது அன்றைக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார்கள். தேதியோடு அது கிடைக்கும். இத்தனையும் சேர்த்துப் புது அர்ஜி எழுதி, தாசில்தார் ஆபீசில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள். சீல் இல்லாத அர்ஜி கொடுக்காத அர்ஜி. மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேள். கட்டாயம் கிடைக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. கிடைக்காமலும் போகலாம்.

தொகையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 37,500 ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல கறவை மாடு ஒன்றை நம் பக்கத்துச் சந்தையில் ஓட்டிக்கொண்டு வர முடியாது. 4,000 ரூபாய்க்கு வளர்ந்த ஆடும் வராது. பணம் வந்தால் போன மாடு திரும்பிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் மாடு வாங்கிய கடனில் ஒரு பங்கு அடையும், அல்லது அடுத்த கிடேரிக்கு முன்பணம் ஆகும். அந்த நேரத்தில் வட்டிக்காரனிடம் போகாமல் தப்பிக்கிற ஒரு மாதம் கிடைக்கும். அதற்கு மதிப்பு உண்டு. ஆட்டுக்கான தொகை ரொம்பக் குறைவு என்பது என் தீர்மானமான எண்ணம். ஆடு வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஏழைப் பெண்கள். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லாததால்தான் அந்த வரி அப்படியே கிடக்கிறது.

ஆனாலும் எனக்குத் தொகையைவிட அதிகமாக மனதை உறுத்துவது வறட்சி. வெள்ளத்தில் மாடு ஒரே இரவில் சாகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். வறட்சியில் மாடு சாவதில்லை. அதற்கு முன்னாலேயே விற்றுவிடுகிறோம். 2023-ல் மழை பொய்த்தபோது கர்நாடகத்தில் 236 தாலுக்காக்களில் 223 வறட்சித் தாலுக்காக்கள். நம் ஜில்லாவும் அதில் இருந்தது. ஆயிரத்து ஐநூறு அடி போட்டும் போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் இது. தீவனம் விலை ஏற ஏற மாடு விலை இறங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வாங்குகிறவன் சொன்னதுதான் விலை. நல்ல காலத்தில் ஆவணி ஊர் மாட்டு ஜாத்திரையில் பெருமையாக நிறுத்தி விலை பேசுகிற மாட்டை, அந்த வருஷம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். பட்டியலில் இந்த இழப்புக்கு இடமே இல்லை. செத்த மாட்டுக்குத்தான் பணம், வேறு வழியில்லாமல் விற்ற மாட்டுக்கு இல்லை. வறட்சிக்கென்று உள்ளது கால்நடை முகாமில் பெரிய மாட்டுக்கு நாளைக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய் தீவனச் செலவு. முகாம் பக்கத்தில் இருந்தால், அது நேரத்துக்குத் திறந்தால்.

அந்த வறட்சிக்கு மாநிலம் கேட்டது 18,171 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் தாலுக்காக்களை அறிவிக்கத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் பதில் இல்லாமல், 2024 மார்ச்சில் மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. ஏப்ரல் கடைசியில் 3,454 கோடி விடுவித்தார்கள். மத்தியமா மாநிலமா, யார் பக்கம் நியாயம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் மாட்டுக்கு வேளாவேளைக்குத் தீவனம் வேண்டியிருந்தது. ஏழு மாதம் எந்த மாடு காத்திருக்கும்?

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். 1876 முதல் 78 வரை மைசூர் சீமையிலும் சென்னை ராஜதானியிலும் மனிதர்களும் மாடுகளும் ஒன்றாகச் செத்த பஞ்சம். அடுத்து 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தைக் கையில் எடுத்தபோது வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குழிக்குள் இறங்கியவர்களில் ஏர் மாடு இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வெள்ளைக்கார சர்க்கார் 1884-ல் ஒரு சட்டம் போட்டு, விதைக்கும் மாட்டுக்கும் தக்காவி கொடுத்தது. அது கடன். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள். இன்றைக்கு நாம் கேட்பது திருப்பிக் கட்ட வேண்டியதில்லாத உதவி. இந்த மாற்றம் தானாக வரவில்லை. எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டு வந்தது.

வெளி தேசத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2013 அக்டோபர் தொடக்கத்தில் மழையும் அதன்மேல் பனிப்புயலும் அடித்தது. குளிர்கால ரோமம் இன்னும் வளராமல் கோடை மேய்ச்சலில் இருந்த மாடுகள் பல்லாயிரக்கணக்கில் செத்தன. அங்கே செத்த மாட்டின் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிற திட்டம் உண்டு. ஆனால் அந்தத் திட்டம் 2011-லேயே காலாவதியாகி, பார்லிமெண்டில் புதுப்பிக்காமல் கிடந்தது. போதாததற்கு அந்த வாரம் அமெரிக்க சர்க்கார் ஆபீஸ்களே பண ஒதுக்கீடு இல்லாமல் மூடியிருந்தன. சொல்லி அழவும் ஆள் இல்லை. அப்படியும் படம் எடுத்து வையுங்கள், எண்ணி எழுதி வையுங்கள், வெளியாள் ஒருவரைச் சாட்சி வையுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2014 பிப்ரவரியில் புதுச் சட்டம் வந்து, பழைய இழப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. எழுதி வைத்திருந்தவர்கள் காட்டினார்கள், வாங்கினார்கள். திட்டமே இல்லாத நாளில் எழுதி வைத்த காகிதம் அது.

பணம் ஒப்புதலான பிறகும் வழியில் நின்றுபோகும். வங்கியில் ஆதார் கொடுத்திருக்கிறேன் என்பார்கள். அது வேறு, சர்க்கார் பணம் வந்து விழுகிற கணக்கு எது என்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை அதற்கென்று இணைத்தார்களோ அங்கேதான் போகும். அது பெங்களூரில் மகன் வேலைக்குச் சேர்ந்தபோது அவசரத்தில் திறந்த ஏதோ ஒரு கணக்காக இருக்கும், புத்தகமே வீட்டில் இருக்காது. ஆளுக்கு ஆள் இதைப் பார்த்து வை. மாட்டைக் கவனிப்பது யாரோ அவர் பெயரிலேயே டேக்கும் டெய்ரி உறுப்பினர் எண்ணும் கணக்கும் இருக்கட்டும். நம் வீடுகளில் சாணி அள்ளுவது பெண்ணாகவும் பாஸ் புத்தகம் ஆண் பெயரிலும் இருக்கிறது. மகளிர் டெய்ரி செக்ரட்டரியாக நீ மாற்றக்கூடிய விஷயம் அது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐந்தை ஏழு என்று எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். தொகை குறைவுதானே, இரண்டு கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று நியாயமும் சொல்வார்கள். சொந்தக்காரர்களாகவும் இருப்பார்கள். எழுதாதே. உன் கையெழுத்தில் ஒரு தடவை பொய் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு நிஜமாகச் செத்த மாட்டுக்கும் அந்த ஆபீசில் மதிப்பு இருக்காது. அர்ஜி எழுதிக் கொடுத்ததற்குக் காசும் வாங்காதே. டீ வாங்கிக் கொடுத்தால் குடி, அவ்வளவுதான். ஆபீசில் உள்ளவர்களைத் திட்டிப் பேசி லைனில் நல்ல பெயர் வாங்கவும் பார்க்காதே. அவர்களில் பலர் நல்லபடி வேலை செய்கிறவர்கள். நீ கொண்டுபோகிற காகிதம் சுத்தமாக இருந்தால் அவர்களுக்கும் கையெழுத்துப் போடத் தைரியம் வரும்.

அடைமழைக்கு முன்னால் செய்ய வேண்டியது: உறுப்பினர் வாரியாக மாடு, ஆடு, டேக் நம்பர், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒரு நோட்டும் உன் போனும் போதும். டெய்ரியில் சேராத லைன் குடும்பங்களையும் அதே நோட்டில் சேர்த்துக்கொள். அவர்களுக்குத்தான் வேறு எங்கேயும் பதிவு இல்லை.

அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் ஒரு தீர்மானம் கொண்டுவா. வறட்சித் தாலுக்காவாக அறிவித்த நாளிலிருந்து, தீவனம் இல்லாமல் விற்ற கறவை மாட்டுக்கும் ஒரு தொகை வேண்டும், ஆட்டுக்கான நான்காயிரத்தை உயர்த்த வேண்டும், நிலம் இல்லாதவர்களிடம் பஹணி கேட்கக் கூடாது என்று மூன்று வரி. ஒரு டெய்ரி தீர்மானத்தால் டெல்லியில் பட்டியல் மாறிவிடாது என்று சொல்வார்கள். பால் யூனியனுக்கு ஒரு நகல், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நகல், ஜில்லா டெபுடி கமிஷனருக்கு ஒரு நகல் அனுப்பு. பக்கத்து டெய்ரிகளில் எனக்குத் தெரிந்த செக்ரட்டரிகள் நாலைந்து பேரிடம் நானும் பேசுகிறேன். கன்னடத்தில் நகல் எழுதி முதலில் எனக்கு அனுப்பு. சட்ட வார்த்தைகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
மாமா